திருத்தமும் அதன் காரணமும்

மலையகத் தோட்டங்களில் ஒரு நாளைய வேலைக்குப் 'பேர்' என்பது வழக்கு. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவருக்கு ஒரு பேர் விழும். நிறை குறைந்தவருக்கு அரைப்பேர். அட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் வாழும் நேயர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. ஒருவருடைய உழைப்பையும் ஏட்டில் எழுதப்படும் அவருடைய பெயரையும் ஒன்றாகவே கருதும் இவ்வழக்கு, பதிவேடு எத்துணை வலிமை வாய்ந்தது என்பதை உணர்த்துகின்றது. மலையில் வேலை நடந்தது உண்மையாயினும், ஏட்டில் பேர் விழாவிடின் அவ்வேலை நடவாததற்கே ஒப்பாகும்.

மடுவத்தில் கொழுந்து நிறுக்கப்படுகின்றது. நிறையைக் கணக்கப்பிள்ளை குறித்துக்கொள்கின்றார். பின்னர் அது கந்தோரிலுள்ள செக்ரோலில் ஏறுகின்றது. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் நிறையில் ஒரு பகுதி கழிக்கப்படுவதும் உண்டு. ஓர் எண் இவ்வாறு கைமாறிச் செல்லும்போது, இடையில் எவரேனும் அதனைத் திருத்தினால், திருத்தியவர் யார், எப்பொழுது திருத்தினார், எக்காரணத்தால் திருத்தினார் என்னும் மூன்று வினாக்கள் எழுகின்றன. அடித்தெழுதிய ஏட்டில் புதிய எண் தெரியும். பழைய எண்ணும் ஓரளவு புலப்படும். காரணம் மட்டும் தெரியாது. அக்காரணம் தெரியாத இடத்திலேதான் ஐயமும் மனக்குறையும் பிறக்கின்றன.

இம்மூன்று வினாக்களுக்கும் விடையளிப்பதற்கென்றே கணினி உலகத்தில் ஒரு கருவி உண்டு. அதனைப் பதிப்புக் கட்டுப்பாட்டு முறை என்பர். அவ்வகைக் கருவிகளுள் இன்று உலகெங்கும் பெருவழக்காய் உள்ளது 'கிட்' எனப்படுவதாகும். மற்றையோரின் திருத்தங்களைக் காத்துவைக்கும் இக்கருவியும் மனிதர் எழுதியதே. ஆதலின் அதுவும் இடைவிடாது திருத்தப்பட்டு வருகின்றது. அதனைத் திருத்துவோர் எவ்வாறு கூடி ஆராய்கின்றனர், ஒரு சிறு திருத்தம் எத்தனை கண்களைக் கடந்து உள்ளே செல்கின்றது என்பதே இப்பேச்சின் பொருள்.

கணினி நிரல் என்பது அடிப்படையில் எழுத்தாலாய ஒரு நூல். 'இதனைச் செய்க, இவ்வாறாயின் அதனைச் செய்க' எனக் கணினிக்கு இடப்படும் கட்டளைகள் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். பெரிய நிரலொன்றில் இலட்சக்கணக்கான வரிகள் இருத்தல் கூடும். அதனை எழுதுவோர் ஒருவர் இருவர் அல்லர், நூற்றுக்கணக்கானோர். அவர்கள் ஒரே அறையில் அமர்ந்திருப்பவருமல்லர். ஒரே நூலைப் பலர் பல நாடுகளிலிருந்து ஒரே வேளையில் திருத்துவதாயின், குழப்பம் நேராமல் காப்பது எங்ஙனம்?

இச்சிக்கல் தமிழருக்குப் புதியதன்று. ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஒவ்வொரு படியும் கையால் எழுதப்பட்டது. படியெடுத்தவர் கைபிழைத்த இடமெல்லாம் பாடபேதம் ஆயிற்று. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையும், தமிழகத்து உ. வே. சாமிநாதையரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய நூல்களை அச்சேற்றியபோது, பல சுவடிகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்க நேர்ந்தது. 1894 இல் சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268 ஆம் பாடல்கள் கிடைத்தில. அவை இருந்த இடம் வெற்றிடமாகவே விடப்பட்டது. இன்றளவும் அவ்வாறே உள்ளது. இல்லாததை இட்டு நிரப்பாமல், இல்லை என்பதையே பதிவு செய்வது நல்ல பதிப்பாசிரியரின் இலக்கணம். கணினி நிரலாளரும் நெடுங்காலம் தட்டுத்தடுமாறி இவ்விலக்கணத்துக்கே வந்து சேர்ந்தனர்.

1972 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர், நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் நிரல்பட வைத்துக்காக்கும் முதற் கருவிகளுள் ஒன்றைச் செய்தார். 1980களில் அதனினும் மேம்பட்ட கருவிகள் தோன்றின. 1991 இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' என்னும் இயக்குதளத்தைத் தொடங்கினார். அது வளர வளர, உலகின் பல மூலைகளிலிருந்தும் திருத்தங்கள் அவரை வந்தடைந்தன. 2002 முதல் அவர் ஒரு வணிக நிறுவனத்தின் கருவியை, அந்நிறுவனம் இலவசமாக அளித்த உரிமத்தின்கீழ்ப் பயன்படுத்தி வந்தார். 2005 இல் அவ்வுரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டது. இரவல் ஏட்டை நம்பிக் கணக்கு வைத்தவரின் நிலை அவருக்கு நேர்ந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் தொடக்கத்தில் அவரே ஒரு புதிய கருவியை எழுதத் தொடங்கினார். ஏப்பிரல் 7 ஆம் நாளன்று அக்கருவி தன் வரலாற்றைத் தானே பதிந்து வைக்கும் நிலையை எய்தியது. அதுவே கிட். அதே ஆண்டு சூலை மாதத்தில் அதன் பராமரிப்புப் பொறுப்பை அவர் சப்பானியரான சுனியோ அமானோ என்பாரிடம் ஒப்படைத்தார். இரண்டு பதிற்றாண்டுகளாக அப்பொறுப்பை அமானோ வகித்து வந்துள்ளார்.

கிட்டின் அமைப்பில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, முழு வரலாறும் ஓரிடத்தில் மட்டும் பூட்டி வைக்கப்படுவதில்லை. அதனைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரிடமும் தொடக்கம் முதல் இறுதிவரையான முழுப்படி இருக்கும். கந்தோரில் ஒரு செக்ரோல் மட்டும் இருப்பதற்கும், ஒவ்வொரு லயனிலும் அதன் முழுப்படி இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப்பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு பதிவுக்கும் நாற்பது குறியீடுகளாலான ஓர் அடையாளம் உண்டு. அது எவரும் விரும்பியவாறு இடும் எண்ணன்று. பதிவின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டுப் பெறப்படுவது. முந்திய பதிவின் அடையாளமும் அக்கணக்கில் சேரும். ஆகவே பழைய பக்கமொன்றில் ஓரெழுத்தை எவரேனும் மறைவாக மாற்றினால், அப்பக்கத்தின் அடையாளமும், அதன்பின் வந்த அத்தனை பக்கங்களின் அடையாளங்களும் மாறிவிடும். களவு உடனே வெளிப்படும். இக்கணக்கு முறையிலும் ஒரு விரிசல் உண்டென்பதை 2017 இல் ஆய்வாளர் மெய்ப்பித்துக் காட்டினர். அதன் பின்னர்க் கிட்டில் காப்புகள் சேர்க்கப்பட்டன. 2020 இல் அறுபத்துநான்கு குறியீடுகள் கொண்ட வலிய முறையையும் கையாளும் வசதி வந்தது. காவற்கருவியையும் காவல் செய்ய வேண்டியிருக்கின்றது என்பதற்கு இது சான்று.

இனித் திருத்தத்தின் வடிவத்தைக் காண்போம். ஒரு திருத்தத்தை அனுப்புவோர் முழு நிரலையும் அனுப்புவதில்லை. எந்த ஏட்டில், எந்த வரியை நீக்கி, எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகின்றனர். நீக்கும் வரியின் முன் கழித்தற்குறியும், சேர்க்கும் வரியின் முன் கூட்டற்குறியும் இருக்கும். இடம் தவறாமைக்காக மேலும் கீழும் மும்மூன்று வரிகள் மாறாத நிலையில் காட்டப்படும். இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் கிழிந்த துணிக்கு இடும் ஒட்டைக் குறிப்பது. துளையிட்ட காகித நாடாக்களில் நிரல் எழுதிய காலத்தில், பிழையான பகுதியை வெட்டி வேறு காகிதம் ஒட்டியதனால் வந்த பெயர் அது. தமிழிலும் 'ஒட்டு' என்றே வழங்குதல் பொருந்தும். இவ்வாறு அனுப்பப்படும் ஒட்டைத் தானே உரிய இடத்தில் பொருத்தும் கருவியை லாரி வால் என்பவர் 1985 இல் வெளியிட்டார்.

நேயர்கள் இதனை வேறோர் இடத்தில் கண்டிருப்பர். பாராளுமன்றம் ஒரு சட்டத்தைத் திருத்தும்போது சட்டம் முழுவதையும் மீண்டும் எழுதுவதில்லை. இன்ன பிரிவில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்களை இடுக எனத் திருத்தச் சட்டம் கூறும். அதுவும் ஓர் ஒட்டே. அதனைப்பற்றிய விவாதம் ஹன்சாட்டில் பதிவாகின்றது. கிட்டைத் திருத்துவோரின் உரையாடலும் அவ்வாறே எவரும் காணும்படி பதிவாகி நிலைத்திருக்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டால் அவ்வுரையாடலை விளக்கலாம். கிட்டைப் பயன்படுத்தும் ஒருவர் தம் கோப்புக்கு 'மலை' எனத் தமிழிற் பெயரிடுகின்றார் எனக் கொள்க. மாற்றங்களைக் காட்டுமாறு கிட்டைக் கேட்டால், 'மலை' என்னும் சொல் வருவதில்லை. அதற்குப் பதிலாகச் சாய்கோடுகளும் எண்களும் நிறைந்த ஒரு நீண்ட கோவை வரும். கணினியுள் 'மலை' என்னும் சொல் மூன்று குறியீடுகளாக நிற்கின்றது: மகரம், லகரம், ஐகாரக்குறி. ஒவ்வொன்றும் மூன்று கூறுகளாகச் சேமிக்கப்படும். ஆக ஒன்பது கூறுகள். அவ்வொன்பதையும் கிட் 340, 256, 256 என்பன போன்ற ஒன்பது எண்களாக எழுதிக் காட்டுகின்றது. ஆங்கிலப் பெயர் பெயராகவே நிற்க, தமிழ்ப்பெயர் எண்ணாக மாறிவிடுகின்றது.

அட்டனிலுள்ள ஓர் இளைஞர் இதனைக் கண்டு மனம் பொறாமல், இயல்பு நிலையிலேயே தமிழெழுத்துத் தோன்றுமாறு நிரலைத் திருத்தி ஓர் ஒட்டு அனுப்புகின்றார் என வைத்துக்கொள்வோம். அவர் பத்து வரிகளை மாற்றியிருக்கலாம். ஆயினும் அவ்வரிகளோடு ஒரு மடலும் சென்றாக வேண்டும். அம்மடலின் முதல் வரி, திருத்தத்தின் சாரத்தை ஐம்பது எழுத்துகளுக்குள் அடங்கும் அளவிற் சொல்லவேண்டும். அடுத்து, இப்பொழுதுள்ள குறை யாது என்பதை எழுதவேண்டும். பின்னர், அக்குறையை இவ்வழியால் நீக்குவது ஏன், வேறு வழிகள் ஏன் ஏற்புடையன அல்ல என்பதை எழுதவேண்டும். இறுதியில், இத்திருத்தத்தை அளிக்கும் உரிமை தமக்கு உண்டென்பதற்கு உறுதிமொழியாகத் தம் பெயரும் முகவரியும் இடவேண்டும். இவ்வுறுதிமொழி வழக்கம் 2004 இல் லினக்ஸ் நிரலாளரிடையே ஏற்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் லினக்ஸ் நிரலின் உரிமைபற்றி எழுந்த வழக்கே அதற்குத் தூண்டுதலாயிற்று.

மடல் சென்றதும் வினாக்கள் வரும். கோப்புப் பெயரிற் கட்புலனாகாத குறிகளோ வரிமுறிவோ இருந்தால் என் செய்வது என்று ஒருவர் கேட்பார். கிட்டின் விடையை மனிதர் மட்டுமன்றி வேறு நிரல்களும் படிக்கின்றன. எண்கோவையை எதிர்நோக்கும் அந்நிரல்கள் இத்திருத்தத்தால் முறிந்துவிடமாட்டாவா என்று மற்றொருவர் கேட்பார். தமிழெழுத்தை அவ்வாறே காட்டுமாறு கிட்டைப் பணிக்கும் அமைப்பொன்று ஏற்கெனவே உண்டு என்றும், பயனாளர் ஒருமுறை அதனை மாற்றிக்கொண்டால் போதுமென்றும் வேறொருவர் சுட்டிக்காட்டுவார். அவர் கூறுவது மெய்யே. அவ்வமைப்பு நெடுநாளாகவே கிட்டில் உள்ளது. திருத்தம் சரியாக இயங்குவதை மெய்ப்பிக்கும் சோதனை எங்கே, கையேட்டில் விளக்கம் எழுதப்பட்டதா என்னும் வினாக்களும் எழும்.

இளைஞர் இவ்வினாக்களை மறுப்பாகக் கொண்டு ஒதுங்கிவிடலாம். அல்லது அவற்றை எண்ணிப்பார்த்து, இயல்பு நிலையை மாற்றாமல், உள்ள அமைப்பைக் கையேட்டில் யாவரும் காணுமிடத்தில் விளக்கும் சிறிய ஒட்டாகத் தம் திருத்தத்தை மாற்றியமைக்கலாம். மாற்றியமைத்தால் அதற்கு 'இரண்டாம் பதிப்பு' என்று குறிப்பிடுவார். முதற் பதிப்புக்கும் இதற்கும் வேறுபாடு யாதென்பதையும் காட்டுவார். மூன்றாம், நான்காம் பதிப்புகள் வருதலும் இயல்பே. ஒவ்வொரு பதிப்பிலும் நிரல் குறைந்துகொண்டும் விளக்கம் தெளிந்துகொண்டும் செல்வதைக் காணலாம். பிழையை முதலிற் சுட்டியவர், யோசனை கூறி உதவியவர், படித்துப் பார்த்து ஒப்பியவர் ஆகிய எல்லோருடைய பெயர்களும் திருத்தத்தின் அடியில் எழுதப்படும். சுவடி தந்து உதவியவர்களின் பெயர்களைச் சாமிநாதையர் தம் முன்னுரைகளில் நன்றியோடு எழுதிய முறையை இது நினைவூட்டுகின்றது.

ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒட்டும் நேரே நிரலிற் சேர்வதில்லை. தேயிலைக் கன்று நடுவதைப்பற்றி அறிந்தவர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு புதிய தேயிலை இனம் தெரிந்தெடுக்கப்பட்டால், அது மறுநாளே மலைக்குச் செல்வதில்லை. பல ஆண்டுகள் சோதித்த பின்னரே தோட்டங்களுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றது. வெட்டிய தண்டுகள் நாற்று மேடையில் நிழலின்கீழ் வேர்விடுகின்றன. நிழல் சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டு, வெயிலுக்குப் பழகிய பின்னரே அவை மலைக்குச் செல்கின்றன. கிட்டிலும் இத்தகைய படிகள் உண்டு. பராமரிப்பாளர் கண்ட ஒட்டுகள் முதலில் 'கண்டவை' என்னும் பொருள்தரும் கிளையில் வைக்கப்படும். அங்கிருப்பது ஏற்கப்பட்டது என்பதற்கு அடையாளமன்று. ஆராய்ந்து தேறியவை 'அடுத்தவை' என்னும் கிளைக்குச் செல்லும். அங்கே பலரும் அன்றாடப் பயன்பாட்டில் வைத்து, சில காலம் குறை தோன்றாதாயின், அதன் பின்னரே முதன்மைக் கிளையில் இணைக்கப்படும். எந்த ஒட்டு எப்படியில் நிற்கின்றது என்பதைப் பராமரிப்பாளர் காலந்தோறும் அறிவிக்கின்றார். அவ்வறிக்கையின் தலைப்பை 'அடுப்பில் இருப்பவை' எனத் தமிழாக்கலாம். கடுமையான பணியிடையே சிறிது நகைச்சுவையும் உண்டென்பதை இத்தலைப்புக் காட்டுகின்றது.

இருவர் ஒரே வரியை இருவேறு விதமாகத் திருத்தியிருந்தால், எது சரியென்று கிட் தானாக முடிவு செய்வதில்லை. இரண்டு பாடங்களையும் அருகருகே குறித்துக் காட்டி, முடிவை மனிதரிடம் விட்டுவிடுகின்றது. அறியாததை அறிந்ததுபோல் நிரப்பாமை இங்கும் ஓர் அறமாகின்றது.

எல்லா விவாதங்களும் நிரலின் நுட்பத்தோடு நின்றுவிடுவதில்லை. முதன்மைக் கிளைக்குக் கிட் இட்டுவந்த பெயர், ஆங்கிலத்தில் எசமானைக் குறிக்கும் சொல்லாகும். 2020 இல் அமெரிக்காவில் நிறவேற்றுமைக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியின்போது, இச்சொல் அடிமைமுறையை நினைவூட்டுகின்றது. மாற்றவேண்டும் என்று ஒரு சாரார் கூறினர். இங்கே அச்சொல்லுக்கு மூலப்படி என்பதே பொருள். அடிமைமுறையோடு தொடர்பில்லை என்று மற்றொரு சாரார் கூறினர். பெயரை மாற்றினால் உலகெங்கும் எழுதப்பட்ட எண்ணற்ற கையேடுகளும் துணைநிரல்களும் பிழைபடும் என்னும் கவலையும் முன்வைக்கப்பட்டது. அவ்வாண்டு சூலையில் வெளிவந்த பதிப்பில், முதற் கிளைக்கு வேண்டிய பெயரைப் பயனாளரே தெரிந்துகொள்ளும் வசதி செய்யப்பட்டது. பழைய இயல்புப் பெயர் அப்போதைக்கு மாற்றப்படவில்லை. ஒரு சாரார்க்கு இது குறைவாகவும் மறுசாரார்க்கு மிகையாகவும் தோன்றியிருக்கலாம். ஆயினும் எவர் என்ன காரணம் கூறினார் என்பது அழியாமல் உள்ளது. துரை என்னும் சொல்லின் கனத்தைத் தலைமுறைகளாக அறிந்த மலையகத்தார், ஒரு சொல்லுக்காக இத்துணை நேரம் வாதிட வேண்டுமா என்று வினவமாட்டார்.

இம்முறையின் குறைகளையும் மறைத்தல் கூடாது. உரையாடல் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. ஆங்கிலத்தில் தெளிவாக எழுத இயலாதவரின் நல்ல திருத்தமும் காத்துக்கிடக்கலாம். முகம் காணாத உரையாடலிற் சொற்கள் சுடுவதும் உண்டு. லினக்ஸ் நிரலாளரிடையே கடுஞ்சொல்லுக்குப் பேர்போன டோர்வால்ட்ஸ், 2018 செப்தெம்பரில் தம் நடத்தைக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கோரிச் சிறிது காலம் பணியிலிருந்து விலகி நின்றார். கிட்டைத் திருத்துவோரும் 2019 இல் தமக்கென ஒரு நடத்தை விதியை ஏற்றுக்கொண்டனர். திருத்தம் வேறு, திருத்தியவர் வேறு. ஒட்டைக் குறை கூறலாம், ஒட்டியவரை இழிவு செய்தல் ஆகாது என்பதே அதன் உட்பொருள். இவ்வளவு எளிய உண்மையையும் எழுதி வைக்க வேண்டியிருந்தது.

மலையக மக்களுக்கு இதனால் ஆவதென்ன என்னும் வினாவுக்கு வரலாற்றிலேயே விடை உண்டு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றவராக்கியது. அடுத்த ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம், விண்ணப்பித்துப் பதிவு பெற ஒரு வழி திறந்தது. ஆயின் 1946 சனவரி முதல் நாளுக்கு முன் தொடர்ச்சியாக, மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இந்நாட்டில் வசித்ததைக் காகிதத்தால் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவு இல்லாதோரும், பதிவில் ஒரு பெயரும் தோட்டத்து ஏட்டில் வேறொரு பெயரும் உடையோரும் எத்தனையோ பேர். ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அவர்களுள் பதிவு பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தமும் 1974 இல் அதனைத் தொடர்ந்த ஒப்பந்தமும் மக்களை எண்ணிக்கையாற் பங்கிட்டன. 1988 இலும் 2003 இலும் நிறைவேறிய சட்டங்களே எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்க வழிசெய்தன. 1948 இற்கும் 2003 இற்கும் இடையே 55 ஆண்டுகள் கழிந்தன.

இக்கொடுமை பதிவேட்டின் பிழையால் மட்டும் விளைந்ததன்று. அரசியல் முடிவுகளே அதன் வேர். எந்தக் கருவியும் அநீதியான முடிவை நீதியாக்கிவிடாது. ஆயினும் ஒரு பெயர் ஏன் விடுபட்டது, எந்த எழுத்து யாரால் மாறியது, எக்காரணத்தால் விண்ணப்பம் தள்ளப்பட்டது என்பவற்றை அறியமுடியாத நிலை, அவ்வநீதிக்குத் துணைபோயிற்று. காரணம் எழுதப்பட்டிருந்தால் அதனை எதிர்த்து வாதிடலாம். காரணம் இல்லாத திருத்தத்தோடு எவராலும் வாதிட இயலாது. மடுவத்தில் கழிக்கப்படும் ஒரு கிலோவுக்கும் இது பொருந்தும்.

இத்தகைய கூட்டுப்பணி இலங்கைக்குப் புதியதன்று. 2003 இல் கொழும்பில் லங்கா மென்பொருள் மன்றம் நிறுவப்பட்டது. 2004 திசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரங்களைத் தாக்கியபோது, தொண்டர்களான இலங்கை நிரலாளர் சில நாட்களிலேயே கூடி, காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதியும் மென்பொருளொன்றை எழுதினர். சிங்களத்தில் நிவாரணம் என்னும் பொருள்படும் 'சகன' என்பது அதன் பெயர். யாவரும் திருத்தக்கூடிய கட்டற்ற நிரலாக அது வெளியிடப்பட்டமையால், பின்னர் வேறு நாடுகளின் இடர்களிலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 இல் அதற்குச் சமூகப் பயனுக்கான விருதை வழங்கியது. கட்டற்ற நிரல்களுக்குத் திருத்தம் எழுத மாணவரை ஊக்குவிப்பதற்காகக் கூகிள் நிறுவனம் 2005 இல் தொடங்கிய திட்டத்தில், மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர் பல ஆண்டுகள் உலகப் பல்கலைக்கழகங்களின் முன்வரிசையில் நின்றனர். கிட்டும் அத்திட்டத்திற் பலமுறை பங்குபற்றியுள்ளது.

ஆகவே மலையக இளைஞர்க்கு இக்கதவு அடைபட்டதன்று. கிட்டை விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை. அதன் முழு நிரலையும், 2005 முதல் நிகழ்ந்த ஒவ்வொரு திருத்தத்தையும், ஒவ்வொன்றுக்கும் கூறப்பட்ட காரணத்தையும் எவரும் படிக்கலாம். முதல் ஒட்டு பெரிதாய் இருக்கவேண்டுவதுமில்லை. கையேட்டில் உள்ள ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவதாகவும் இருக்கலாம். அனுப்பியவர் எந்தத் தோட்டத்தவர், எந்த லயனிற் பிறந்தவர் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. கேட்கப்படுவது ஒன்றே: ஏன் இதனை மாற்றவேண்டும்?

அவ்வினாவுக்குத் தெளிவாக விடையெழுதப் பழகியவர், பிறர் தம் ஏட்டில் செய்யும் திருத்தத்துக்கும் அதே விடையைக் கேட்கப் பழகுவார். தொழிற்சங்கக் கணக்கிலும், கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டிலும், சம்பளச் சீட்டிலும், பிறப்புச் சான்றிதழிலும் ஓர் எழுத்தோ எண்ணோ மாறினால், மாற்றியவர் பெயரும் மாற்றிய நாளும் மாற்றிய காரணமும் எங்கே என்று வினவுவார். மென்பொருள் எழுதாதவருக்கும் இவ்வினா உரியது. உழைப்பைப் 'பேர்' என்று வழங்கும் மக்களுக்கு, அப்பேரைத் திருத்துவோர் காரணம் கூறக் கடமைப்பட்டவர் என்பதனினும் இன்றியமையாத பாடம் வேறில்லை.